740 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கியது எதை?

அரசலாறு | ஜூன் 9, இரவு 10.40

பெரிய கம்பெனி சின்ன ஸ்டுடியோவ வாங்குனா சின்னது செத்துச்சுன்னுதான் அர்த்தம். 2006ல டிஸ்னி 740 கோடி டாலர் ரொக்கமா கொட்டி, ‘டாய் ஸ்டோரி’ எடுத்த அனிமேஷன் ஸ்டுடியோ பிக்ஸாரை வாங்குச்சு, அதோட பிக்ஸார் கணக்கு முடிஞ்சுது. இங்க கும்பகோணத்துல நாலு பேரா நடத்துற 2டி கார்ட்டூன் கூடம், பாட்டி கதை, யூடியூப் சேனல். சென்னைக் கம்பெனி ஒண்ணு விலை கேக்குது. ரெண்டும் ஒரே கதைதானே? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெண்ணாறு | ஜூன் 9, இரவு 11.25

ரொக்கம் இல்லை தம்பி. ஒரு டாலர்கூடக் கைமாறவில்லை, முழுக்கப் பங்கு மாற்று. பிக்ஸார் பங்கு ஒன்றுக்கு டிஸ்னி பங்கு 2.3. அறிவித்த நாள் 2006 ஜனவரி 24. அன்று டிஸ்னி பங்கு முடிந்த விலை 25.99 டாலர். 2.3 ஆல் பெருக்கினால் 59.78. அதைப் பிக்ஸாரின் மொத்தப் பங்குகளால் பெருக்கியதுதான் நீங்கள் சொல்லும் 740 கோடி. பிக்ஸாரிடமே 100 கோடிக்கு மேல் ரொக்கம் இருந்தது, அதுவும் சேர்ந்தே டிஸ்னிக்குப் போனது. அதைக் கழித்தால் உண்மையில் கொடுத்த விலை 630 கோடி பக்கம் நிற்கும்.

விகிதம் நிலையானது என்பதைக் கவனியுங்கள். ஜனவரியில் கை குலுக்கி மே 5 அன்றுதான் முடிந்தது. இடையில் டிஸ்னி பங்கு விழுந்திருந்தால் விற்றவனுக்கு நட்டம், ஏறினால் லாபம். ‘எங்கள் கம்பெனிப் பங்கு தருகிறோம்’ என்று உங்களிடமும் சொன்னால், எத்தனை பங்கு என்று பேசுகிறார்களா, எத்தனை ரூபாய்க்கான பங்கு என்று பேசுகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியின் பங்கு என்றால் அதை விற்கவே ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் மற்றப் பங்குதாரர் சம்மதம் வேண்டும் என்று சங்க விதிகளில் இருக்கும்.

குடமுருட்டி | ஜூன் 10, காலை 6.50

ஆப்பிள் ஸ்டீவ் ஜாப்ஸ் 1 கோடி டாலருக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ ஜார்ஜ் லூகாஸ் கிட்ட பிக்ஸாரை வாங்கி 740 கோடிக்கு வித்தாரு. நம்ம ஊரு மனைக்கட்டு தரகரெல்லாம் கத்துக்கணும்.

வெண்ணாறு | ஜூன் 10, காலை 7.30

பாதி சரி. 1986இல் லூகாஸ் கைக்குப் போனது 50 லட்சம். இன்னொரு 50 லட்சம் கம்பெனிக்குள் முதலாகப் போனது. அதற்கப்புறம் வருடக்கணக்காக அவர் தன் பணத்தை உள்ளே இறைத்துக்கொண்டே இருந்தார். அதைச் சேர்க்காமல் லாபம் பேசுவது, உரக்கடை பாக்கியை மறந்துவிட்டு மகசூல் பேசுகிற மாதிரி. விற்கும்போது ஏறக்குறைய பாதிப் பங்கு அவருடையது. அது 13.8 கோடி டிஸ்னி பங்காக மாறியது. டிஸ்னியில் சுமார் 7 சதவீதம், தனிநபர்களில் அவரே பெரிய பங்குதாரர், இயக்குநர் குழுவிலும் இடம். விற்றவன் வாங்கியவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டான் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

வெண்ணாறு | ஜூன் 10, இரவு 9.15

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 740 கோடிக்கு டிஸ்னி வாங்கியது படங்களை அல்ல. படங்கள் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன.

டிஸ்னியும் பிக்ஸாரும் போட்ட 1997 ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து புதிய படம். தயாரிப்புச் செலவு பாதி பாதி, லாபம் பாதி பாதி. நம் பக்கத்தில் இதற்கு வாரம் என்று பெயர். ஆனால் களத்தில் மரக்கால் விழுவதற்கு முன்னாலேயே டிஸ்னி தன் விநியோகக் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் குவியலிலிருந்து எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் பாதி. இரண்டாவது கொக்கி: தொடர்ச்சிப் படம் எடுத்தால் அது ஐந்தில் ஒன்றாகக் கணக்கில் வராது. 1999இல் வந்த ‘டாய் ஸ்டோரி 2’ அப்படித்தான் விழுந்தது. உழைப்பு ஒரு முழுப் படத்துக்கு, ஒப்பந்தக் கணக்கில் பூஜ்யம். மூன்றாவது, அந்தப் பாத்திரங்களை வைத்துத் தொடர்ச்சி எடுக்கும் உரிமை டிஸ்னியிடம்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பேச்சு 2004 ஜனவரியில் முறிந்தது. படம் முழுக்க எங்களுடையது, உனக்கு விநியோகக் கூலி மட்டும் என்று பிக்ஸார் கேட்டது. டிஸ்னி ஒத்துக்கொள்ளவில்லை. பிக்ஸார் இல்லாமலேயே ‘டாய் ஸ்டோரி’ மூன்றாம் பாகம் எடுக்க ‘சர்க்கிள் 7’ என்று தனிக்கூடம் திறந்தது. 2005 செப்டம்பர் கடைசியில் டிஸ்னியின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஐஸ்னர் போனார், ஐகர் வந்தார். அந்தச் செப்டம்பரில்தான் ஹாங்காங் டிஸ்னிலாந்து திறப்பு. ஊர்வலத்தில் போன பாத்திரங்களில் கடந்த பத்தாண்டில் பிறந்தவை எல்லாம் பிக்ஸாருடையவை என்று அங்கே நின்றபோது உறைத்ததாக ஐகரே சொல்லியிருக்கிறார். பொம்மை, பை, பள்ளிக்கூட டிபன் டப்பா எல்லாம் அதன் மேல்தான் விற்கும்.

ஆக, பழைய பாத்திரங்கள் கையில். புதுப் பாத்திரம் பிறப்பிக்கிற ஆள்தான் இல்லை. விலை அதற்கு.

குடமுருட்டி | ஜூன் 11, காலை 6.40

வாரம்னா நிலம் மிராசுதாரோடது, உழைப்பு குடியானவனோடது. இங்க யாரு மிராசுதாரு? 1952லேயே தஞ்சாவூருக்குன்னு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட்ட மண்ணு இது, உவமைய ஒழுங்கா சொல்லுங்க அண்ணே.

வெண்ணாறு | ஜூன் 11, காலை 8.05

ஒத்துக்கொள்கிறேன், உவமை நொண்டுகிறது. பாத்திரங்கள் இருவருக்கும் கூட்டுச் சொத்து, தனி மிராசுதார் இல்லை. டிஸ்னி கையில் இருந்தது நிலம் அல்ல, தலைமடை மதகு. உலகம் முழுக்கத் தியேட்டர், பொம்மைக்கடை, தொலைக்காட்சி. மதகுச் சாவி ஒருத்தன் கையில், விதைநெல் இன்னொருத்தன் கையில்.

இன்னொரு திருத்தம், என் தப்பு. தொடர்ச்சி உரிமை டிஸ்னியிடம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். முதலில் பிக்ஸாரைத்தான் கேட்க வேண்டும். அதே பாதி பாதிக்கு அவர்கள் எடுக்கலாம். வேண்டாம் என்றால்தான் டிஸ்னி தனியாக எடுக்கும், அப்போதும் பிக்ஸாருக்கு ராயல்டி உண்டு. பேச்சு முறிந்திருந்த நேரத்தில் இந்த வேறுபாடு பெரிதாக உதவவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சுவாரஸ்யம்: ஐந்தில் கடைசிப் படமான ‘கார்ஸ்’ 2006 ஜூன் 9 அன்று வந்தது. கிரயம் முடிந்தது மே 5. பழைய வாரத்தின் கடைசி அறுவடை, நிலம் கைமாறிய பிறகு களத்துக்கு வந்தது.

கொள்ளிடம் | ஜூன் 11, பிற்பகல் 2.20

‘பிக்ஸார் கணக்கு முடிஞ்சுது’ என்பதற்குப் பதில். பெயர் மாறவில்லை. கூடம் கலிபோர்னியாவின் எமரிவில்லிலேயே நின்றது. எட் கேட்மல் பிக்ஸாருக்கும் டிஸ்னியின் சொந்த அனிமேஷன் கூடத்துக்கும் சேர்த்துத் தலைவர், ஜான் லேசட்டர் இரண்டுக்கும் படைப்புத் தலைமை. வாங்கியவன் கூடத்தை விற்றவன் ஆள் நிர்வகித்தான். ஒரு கூடம் இன்னொன்றின் தயாரிப்பு வேலையைச் செய்யக்கூடாது என்று விதி. நெருக்கடியிலும் ஆள் கடன் இல்லை. இல்லாவிட்டால் ஒரு கூடத்தின் தாமதம் இன்னொன்றின் தலையில் விழும், யார் தப்பு என்று கடைசிவரை தெரியாது.

மென்பொருளும் அப்படியே தனித்தனி. பிக்ஸாரிடம் ரெண்டர்மேன், முப்பரிமாணக் காட்சியைப் படமாக்கித் தரும் ரெண்டரர் மென்பொருள். டிஸ்னி கைக்குப் போன பிறகும் அதை வெளி ஸ்டுடியோக்களுக்கு விற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். டிஸ்னி அனிமேஷன் 2014இல் ஹைப்பீரியன் என்று சொந்த ரெண்டரரோடு வந்தது. சர்க்கிள் 7ஐ 2006லேயே மூடினார்கள், அங்கே எழுதிய கதையைத் தூக்கிப் போட்டார்கள். பிக்ஸாரே புதிதாக எழுதி எடுத்த மூன்றாம் பாகம் 2010இல் வந்து 100 கோடி டாலர் வசூலைத் தாண்டியது. 2013இல் வெளியான ‘ஃப்ரோஸன்’ அதே கோட்டைத் தாண்டியது, அது டிஸ்னி கூடத்துப் படம். அதைக் கேட்மல், லேசட்டர் கணக்கில் எவ்வளவு எழுதலாம் என்பது தனிச் சண்டை.

வெண்ணாறு | ஜூன் 11, இரவு 10.00

தனிச் சண்டைதான், ஆனால் நான் மேலே சொன்னதற்கு எதிராகவும் போகும். ஆளை வாங்கினார்கள் என்றேன். ஆள் சொத்துப் பத்திரத்தில் ஏறாது. லேசட்டர் நடத்தை பற்றிய புகார்களுக்குப் பிறகு 2018 கடைசியில் வெளியேறினார். கேட்மல் அதை ஒட்டியே ஓய்வு பெற்றார். ஆளுக்காகக் கொடுத்த விலை, ஆள் இருக்கும்வரை. 12 வருடம் கிடைத்தது பெரிய விஷயம்.

கொள்ளிடம் | ஜூன் 12, காலை 10.45

மறுபக்கத்தையும் வையுங்கள். ப்ளூ ஸ்கை. 2002இல் ‘ஐஸ் ஏஜ்’ கொடுத்த கூடம். 2019 மார்ச்சில் ஃபாக்ஸை 7,130 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கியபோது மூட்டையோடு மூட்டையாக வந்தது. அதற்காக யாரும் ஃபாக்ஸை வாங்கவில்லை. அனிமேஷன் கூடம் டிஸ்னியிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தது. 2021 பிப்ரவரியில் அறிவிப்பு, ஏப்ரலில் பூட்டு. சுமார் 450 பேர். பாத்திரங்கள் மட்டும் டிஸ்னியிடம் தங்கின. பாதியில் நின்ற ‘நிமோனா’ வேறு கை மாறி 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது.

‘ஷ்ரெக்’ எடுத்த ட்ரீம்வொர்க்ஸ் இரண்டுக்கும் நடுவில். 2016இல் காம்காஸ்ட் நிறுவனம் 380 கோடி டாலருக்கு வாங்கியது, பங்குக்கு 41 டாலர், இது ரொக்கம். நிறுவிய கேட்சன்பர்க் அனிமேஷன் பொறுப்பிலிருந்து விலகினார். பெயர் நின்றது, படம் வருகிறது. ஆனால் 2023இல் வேலையைக் கூடத்துக்குள்ளேயே முழுக்கச் செய்யும் வழக்கத்தைக் குறைத்து வெளியே கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அரசலாறு | ஜூன் 12, இரவு 8.30

மேட்டூர் தொறக்குற நாள்ல நல்ல சேதியா சொல்றீங்க. அப்ப நாங்க பிக்ஸாரா, ப்ளூ ஸ்கையா?

குடமுருட்டி | ஜூன் 12, இரவு 8.34

தலையாட்டி பொம்மை. எந்தப் பக்கம் தட்டுனாலும் நேரா நிக்கணும், அவ்வளவுதான்.

வெண்ணாறு | ஜூன் 12, இரவு 9.50

அவர்கள் அனுப்பிய முதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எதைக் கேட்கிறார்கள்? பாத்திரங்கள், பழைய அத்தியாயங்கள், சேனல் மட்டும் என்றால் அது ப்ளூ ஸ்கை வழி. உங்கள் நாலு பேர் பெயரும் போட்டு, இத்தனை வருடம் இருக்க வேண்டும், வருடத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று எழுதியிருந்தால் பிக்ஸார் வழி. முதல் வழியில் மொத்தக் கிரயம் தராதீர்கள். காலவரையறையோடு உரிமம் கொடுங்கள், குத்தகை மாதிரி. 24 மாதத்தில் புது அத்தியாயம் வராவிட்டால் பாத்திரம் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு வரி.

அதற்கு முன்னால் விற்கிற சொத்து உங்களுடையதுதானா? நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பது மாதிரி இதற்கும் பார்க்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை செய்தவர் வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை. வெளியாள் படத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு வரைந்தது? காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியமும் எடுக்கச் சொன்ன படமும் சொன்னவருக்கு என்கிறது. ஆனால் கதை, திரைக்கதை அதில் வராது. கதையெழுதியவர் கையெழுத்து இல்லாவிட்டால் அது அவருடையதே. எனவே எல்லோரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

எழுதுவதிலும் குழி இருக்கிறது. 19ஆம் பிரிவு: எத்தனை காலம் என்று போடாவிட்டால் 5 ஆண்டு. எந்த நாடு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடம் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி, வேறு மாதிரி எழுதாத வரை. வாங்குபவரின் வக்கீல் இந்த மூன்றையும் கண்டிப்பாக வேறு மாதிரிதான் எழுதுவார், அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். 2012 திருத்தத்துக்குப் பின் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாது. ‘எல்லாம் எழுதிக் கொடுத்தாச்சு’ என்றாலும் அது செல்லாது.

பாத்திரத்தின் பெயர் தனிச்சொத்து, வணிகக் குறி. பொழுதுபோக்குக்கு 41ஆம் வகுப்பு, பொம்மைக்கு 28, புத்தகத்துக்கு 16. பதிந்திருக்கிறீர்களா?

அரசலாறு | ஜூன் 13, காலை 7.15

41 மட்டும்.

வெண்ணாறு | ஜூன் 13, காலை 7.40

28க்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள். பொம்மையில்தான் பணம்.

கொள்ளிடம் | ஜூன் 13, மாலை 4.30

கோப்புப் பக்கம் நான் சொல்கிறேன். வாங்குபவர் தரப்பிலிருந்து சோதனைக்கு ஆள் வந்தால் அத்தியாயத்தை ஓட்டிப் பார்க்க மாட்டார்கள், மூலக்கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் மானம் போகும்.

முதலில் பாதை. டி டிரைவில் இருக்கும் படத்தை முழுப்பாதையோடு இணைத்திருந்தால் வேறு கணினியில் அது கிடைக்காது. பிளெண்டர் மென்பொருளில் அந்தப் படம் ஒட்டிய பரப்பெல்லாம் ரோஜா-ஊதா நிறத்தில் பளீரென்று தெரியும். ஃபைல் மெனுவில் வெளித்தரவு என்ற பகுதியில் எல்லாப் பாதையையும் சார்புப் பாதையாக்கும் கட்டளை இருக்கிறது, அல்லது எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே பொதியலாம். மாயா மென்பொருளில் புராஜெக்ட் கோப்புறையை அமைத்துவிட்டுத் திறக்க வேண்டும். செய்து முடித்ததும் உங்கள் கூடத்துக்கே வராத ஒரு மடிக்கணினியில் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் திறப்பது சோதனையே அல்ல.

எழுத்துரு. பழைய தலைப்பு அட்டைகள் பாமினியில் இருந்தால் எழுத்துரு இல்லாத கணினியில் ரோமன் குப்பையாக வரும். கோட்டுருவாக மாற்றி ஒரு பிரதி, யூனிகோடில் தட்டிய உரை ஒரு பிரதி.

ஒலி. வசனம், இசை, பின்னொலி மூன்றும் தனித்தனி, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ். ஒன்றாகக் கலந்த எம்பி3 மட்டும் இருந்தால் தெலுங்கு டப்பிங் என்ற பேச்சே கிடையாது, விலையில் பெரிய அடி.

சட்டக வேகம், அதாவது நொடிக்கு எத்தனை சட்டகம் என்பது. 24இல் எடுத்ததை 25இல் ஓட்டினால் 22 நிமிட அத்தியாயம் 21 நிமிடம் 7 நொடியாகும், குரலும் நாலு சதவீதம் ஏறும். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர்க் காதுக்கு உடனே தெரிந்துவிடும். எந்த அத்தியாயம் எந்த வேகம் என்று பட்டியல் போடுங்கள்.

முடிந்த படம் எம்பி4 மட்டும் போதாது, சட்டகத் தொடராகக் கேட்பார்கள். 25 வேகத்தில் 22 நிமிடத்துக்கு 33,000 சட்டகம். முழு எச்டி, அரை (16 பிட்) மிதவைப் புள்ளி, நாலு நிறச் சேனல், சுருக்காத இஎக்ஸ்ஆர் படக்கோப்பு என்றால் சட்டகத்துக்கு 16.6 எம்பி, அத்தியாயத்துக்கு 547 ஜிபி. சுருக்கினால் நன்றாகக் குறையும். 2டி வேலைக்குப் பிஎன்ஜியே போதும், கேட்காமல் இஎக்ஸ்ஆருக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) எடுத்துப் பட்டியலாகச் சேர்த்துக் கொடுங்கள். ‘நீங்க குடுத்த கோப்பு கெட்டுப்போச்சு’ என்ற பேச்சு அதோடு நிற்கும்.

குடமுருட்டி | ஜூன் 13, மாலை 6.00

மூணு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பீரோவுல இருக்குமே, அதையும் சொல்லுங்க.

கொள்ளிடம் | ஜூன் 13, மாலை 6.20

ஆமாம். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். 2018 நவம்பர் 16 கஜா அடித்தபோது கடற்கரைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வேறு ஊர் என்றால் திருச்சி, மதுரை. நாகப்பட்டினம் மாமா வீடு கணக்கில் வராது. பிக்ஸாரே இதில் மாட்டியது: 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ கோப்புகளை யாரோ தவறான அழிப்புக் கட்டளையால் அழித்தார்கள், காப்புப்பிரதியும் சரியாக எழுதப்படாமல் இருந்தது. ஒரு பணியாளர் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

வெண்ணாறு | ஜூன் 14, காலை 9.10

பணம் பற்றி இரண்டு வரி. தொகையில் ஒரு பகுதியை ‘இலக்கு எட்டினால் தருவோம்’ என்று நிறுத்துவார்கள். இலக்கு அத்தியாய எண்ணிக்கையாக இருக்கட்டும், லாபமாக இருக்க வேண்டாம். எண்ணிக்கை உங்கள் கையில், லாபக் கணக்கு எழுதும் பேனா அவர்கள் கையில். 1997இல் குவியலிலிருந்து முதலில் எடுத்துக்கொண்டது போலவே இதிலும் தலைமையகச் செலவு என்று ஒரு மூட்டை முதலில் போகும்.

போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற விதி: வேலையை விட்டுப் போன பணியாளரை அது கட்டாது, ஒப்பந்தச் சட்டம் 27 அப்படி. ஆனால் தொழிலை நற்பெயரோடு சேர்த்து விற்றவரைக் கட்டும், நியாயமான எல்லைக்குள். நீங்கள் விற்பவர். எந்த ஊர், எத்தனை வருடம் என்று அடித்துப் பேசிக் குறையுங்கள்.

சேனல் கடைசி. யூடியூபின் பிராண்ட் கணக்கில் அவர்களை உரிமையாளராகச் சேர்த்த பிறகு 7 நாள் ஆனால்தான் முதன்மை உரிமையாளராக மாற்ற முடியும். அதனால் ‘முதல்லயே சேத்து வையுங்க, நாள் ஓடட்டும்’ என்பார்கள். பணம் வங்கியில் விழும்வரை சேர்க்காதீர்கள். வெறும் உரிமையாளர்கூட வீடியோவை அழிக்கலாம்.

அரசலாறு | ஜூன் 14, காலை 9.32

அண்ணே, நேத்து ராத்திரியே சேத்தாச்சு.

வெண்ணாறு | ஜூன் 14, காலை 9.33

எடு. இப்பவே. அப்புறம் வந்து பேசு.

அரசலாறு | ஜூன் 14, காலை 9.51

எடுத்தாச்சு. அவங்க போன்ல கூப்புடுறாங்க.

குடமுருட்டி | ஜூன் 14, காலை 9.52

ஆத்துல தண்ணி பாக்கப் போயிருக்கேன்னு சொல்லு.